தட்டிப் பார்த்துப் படித்தது

ரொறொன்ரோ, கனடா.

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துப் பெரியவர்களுக்கும், பின்னேரங்களில் அங்கே பேப்பர் பார்க்க வருகிற எல்லோருக்கும்,

ஆண்டுவிழா மலருக்கு எழுதித் தரச்சொல்லித் தலைவர் ஐயா அனுப்பிய கடிதம் கிடைத்தது. "பொறியியலாளராக உயர்ந்த ஊர் மைந்தன்" என்று தலைப்பையும் அவரே போட்டுவிட்டார். கூடவே நிலையத்தின் படமொன்று. மேலே மாடி எழுப்பப் போகிறோம், வெளிநாட்டுப் பிள்ளைகள் கைகொடுக்க வேண்டும் என்று அதன் பின்பக்கத்தில் எழுதியிருந்தது. படத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தத் தலைப்பை எடுத்துவிடுங்கோ.

நான் உயர்தரத்தில் தவறியவன். இரண்டு தரம் எடுத்தேன், பௌதிகம் இரண்டு தரமும் காலை வாரியது. பொறியியலாளர் என்று கையொப்பமிடும் உரிமை கிடைத்தபோது எனக்கு 48 வயது. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு என் கதையால் பெரிய பிரயோசனம் இல்லை. ரியூசன் கொட்டிலை விட்டு வெளியேறி இருபது வருடமாகியும் மனம் இன்னும் அந்த வாங்கிலேயே இருக்கிறவர்கள் ஊரில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். இது அவர்களுக்கு.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியது. மின்சாரம் போனது. ஜாம் போத்தல் விளக்கில் பிரயோக கணிதம் செய்தோம். வடக்குக்குக் கொண்டுவரத் தடைசெய்த பொருட்களில் சீமெந்தும் ஒன்று, காங்கேசன்துறைத் தொழிற்சாலையும் மூடிக் கிடந்தது. கட்டடம் கட்டப் படிக்க ஆசைப்பட்டவனுடைய ஊரில் ஒரு மூட்டை சீமெந்து பவுண் மாதிரி இருந்த காலம்!

ஆனாலும் முதல் பாடம் அப்போதுதான் நடந்தது. வளவுக்குள் பங்கர் வெட்டினோம். மேசன் வேலை செய்த என் மாமா பனங்குற்றிகளைக் குறுக்கே அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டார். அம்மம்மா காலை நீட்டிப் படுக்க வேண்டும், அகலத்தைக் கூட்டுவோம் என்று நான் நின்றேன். "கூட்டலாம். ஆனால் அகலம் இரண்டு மடங்கென்றால் குற்றி இரண்டு மடங்கு பலமாயிருந்தாலும் காணாது, தம்பி," என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, தொய்ந்ததைப் பார்த்திருக்கிறேன் என்பதுதான் பதில். நாற்பது வயதுக்குப் பக்கத்தில் வகுப்பறையில் இருந்து அந்தச் சூத்திரத்தைக் கொப்பியில் எழுதினேன்: பாரம் சீராகப் பரவியிருந்தால், தாங்கும் இடைவெளி இரட்டிக்க, வளைக்கிற தாக்கம் நாலு மடங்காகும். விரிவுரையாளர் ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குக் கேட்டது மாமாவின் குரல்.

1995இல் இங்கே வந்தேன். கோப்பை கழுவினேன், தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். அதெல்லாம் உங்கள் எல்லாருடைய பிள்ளைகளின் கதையும்தான், விட்டுவிடுவோம். 2001இல் கொங்கிறீற் திருத்தும் கொம்பனி ஒன்றில் கூலியாளாகச் சேர்ந்தது மட்டும் முக்கியம்.

பனிக்காலத்தில் இந்த நாட்டு வீதிகளில் உப்பை அள்ளிக் கொட்டுவார்கள், பனிக்கட்டி உருகுவதற்கு. கார்கள் அந்த உப்புத் தண்ணீரைச் சுமந்துகொண்டு மாடி வீடுகளின் நிலத்தடித் தரிப்பிடத்துக்குள் இறங்கும். அங்கே அது சொட்டிக் காயும், திரும்பவும் சொட்டும். நல்ல கொங்கிறீற்றின் காரத்தன்மை உள்ளே கிடக்கிற கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தைக் கட்டி வைத்திருக்கும். அதுதான் கம்பிக்குக் காவல். உப்பிலுள்ள குளோரைட்டு மெல்ல மெல்ல இறங்கி அந்தக் காவலை உடைத்துவிடும். பிறகு துரு. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளே இடமில்லாததால் கொங்கிறீற்றைப் பிளக்கும். மேலிருந்து பார்த்தால் தரை தரையாகவே இருக்கும்; உள்ளே பாளம் பாளமாகக் கழன்றிருக்கும். 1960களிலும் 70களிலும் கட்டிய தரிப்பிடங்கள் பலவற்றில் தண்ணீர் புகாமல் தடுக்கும் விரிப்பே போடவில்லை. வாகனத் தரிப்பிடங்களுக்கென்று தனியாகக் கனடிய நியமம் ஒன்று வந்ததே 1987இல்தான். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. கெட்டதில்தான் எனக்குச் சோறு.

பொறியியலாளர்கள் வந்து தரை முழுக்க ஒரு சங்கிலியை இழுத்துக்கொண்டு நடப்பார்கள், பீமையும் தூணையும் சுத்தியலால் தட்டுவார்கள். நல்ல இடம் கிண்ணென்று சொல்லும். கழன்ற இடம் பொத்தென்று, ஓட்டைப் பானையைத் தட்டினது போலச் சொல்லும். அந்த இடத்தைச் சுற்றிப் பெயின்றால் கோடு போட்டுவிட்டுப் போவார்கள். கோட்டுக்குள்ளே உடைப்பது எங்கள் வேலை. மூன்று வருடம் உடைத்த பிறகு, சங்கிலிச் சத்தத்தை வைத்தே கோடு எங்கே வருமென்று நான் முன்கூட்டிச் சொல்லிவிடுவேன். ஒருநாள் இளம் பொறியியலாளர் ஒருவர் போட்ட கோட்டுக்கு வெளியே நான் தட்டிக்கொண்டே போனேன். அந்தப் பிள்ளை என்னைவிட வயதில் இளையவர். நின்று கேட்டார். பெயின்ற் ரின்னை என் கையில் தந்து, மிச்சக் கோட்டை நீங்களே போடுங்கோ என்றார். எனக்குப் பட்டமளிப்பு அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன், மற்றதெல்லாம் பத்திரம்.

அந்தப் பத்திரத்துக்குப் பதினொரு வருடம் எடுத்தது. 2008இல், 37 வயதில், மாலை நேரக் கல்லூரியில் சிவில் தொழில்நுட்ப டிப்ளோமாவுக்குச் சேர்ந்தேன். சமையலறை மேசையில் ஒரு பக்கம் மகள் பின்னக் கணக்குச் செய்வாள், மறுபக்கம் நான் வகையீடு செய்வேன். எனக்குத்தான் கூட அழித்தெழுத வேண்டியிருந்தது. அந்த வருடங்களில் மனைவி இரண்டு வேலை செய்தார். "கணவரின் வெற்றிக்குப் பின்னால்" என்று மலரில் ஒரு வரி போட்டு அதைத் தீர்த்துவிடாதேயுங்கோ. அவருடைய தோள்மூட்டு இன்னும் நோகிறது. பிந்திப் படிக்கிறவனின் செலவை வீட்டில் வேறொருவர்தான் கட்டுகிறார். இறங்க முதல் அவரோடு கதையுங்கோ.

டிப்ளோமா முடித்தவரைச் சில பாடங்களைக் கோடையில் நிரப்பவைத்து, பட்டப் படிப்பின் மூன்றாம் வருடத்தில் சேர்க்கிற வழி தண்டர் பேயில் உள்ள லேக்ஹெட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ரொறொன்ரோவிலிருந்து சுமார் 1,400 கிலோமீற்றர். 2012 ஜூலையில் பழைய கார் ஒன்றில் புறப்பட்டேன். அதற்குச் சில நாள் முதல், ஜூன் 23இல், எலியற் லேக் என்ற சிறு நகரத்தில் கடைத்தொகுதி ஒன்றின் கூரை இடிந்து இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். கூரைதான் அங்கே வாகனத் தரிப்பிடம். 1980இல் திறந்த நாள் தொடக்கம் ஒழுகியது. முப்பது வருடத்து உப்புத் தண்ணீர் ஒரு பற்றவைப்பு மூட்டைத் தின்று முடித்துவிட்டது. இடிவதற்குச் சில கிழமைகள் முதல்தான் பொறியியலாளர் ஒருவர் பார்வையிட்டு, கட்டமைப்பு உறுதியாக இருக்கிறதென்று எழுதிக் கொடுத்திருந்தார். வழியெல்லாம் வானொலியில் அதே கதை. அந்த ஊருக்குத் திரும்புகிற கைகாட்டியைத் தாண்டியபோது காரை ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் நின்றேன். பத்து வருடம் நான் உடைத்துக் கொட்டிய துருதானே அது. எழுதிக் கொடுத்த கையைப் பற்றித்தான் யோசித்தேன்.

இங்கே பட்டம் முடிக்கிற பொறியியலாளருக்கு ஒரு சடங்கு உண்டு. 1925இலிருந்து நடக்கிறது. வேலை செய்கிற கையின் சின்ன விரலில் ஓர் இரும்பு மோதிரம் போடுவார்கள். கியூபெக் பாலம் விழுந்த கதையை அதோடு சேர்த்தே சொல்வார்கள், விழுந்த பாலத்தின் இரும்பில் செய்த மோதிரம் என்று கதையும் கட்டுவார்கள், அது பொய். பாலம் விழுந்தது மெய். 1907 ஆகஸ்ட் 29, 75 தொழிலாளர் செத்துப்போனார்கள், அதில் 33 பேர் கானவாக்கே என்ற மோஹாக் ஊரைச் சேர்ந்தவர்கள். நடு இடைவெளியை 1,600 அடியிலிருந்து 1,800 அடிக்குக் கூட்டினார்கள். கூட்டிய பிறகு பாலத்தின் சொந்தப் பாரத்தைத் திரும்பக் கணக்கெடுக்காமலே விட்டார்கள். அந்தக் கதையைக் கேட்டபோது எனக்கு எங்கள் வளவும் பனங்குற்றியும்தான் முன்னால் வந்து நின்றன.

43 வயதில் வேலை தேடினேன். புதுக் கோபுரங்களை வடிவமைக்கிற அலுவலகங்களில் ஒன்றுகூட என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை. கோபப்பட்டேன், பிறகு விளங்கியது. கணினியில் நாற்பது மாடியை ஒரு கிழமைக்குள் உருவாக்குகிற 24 வயதுப் பிள்ளைகளோடு நான் ஓடி முடியாது. பழைய கட்டடங்களைத் திருத்துகிற அலுவலகம் ஒன்று இரண்டாம் நாளே கூப்பிட்டது. பிந்தி வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே புத்தி இதுதான்: முன்வாசலில் முண்டியடிக்காமல், உங்கள் கை ஏற்கெனவே பழகிய பக்கத்தால் வாருங்கோ. கம்பி கட்டினவருக்கு விரிவுப் படம் பார்த்தவுடனே விளங்கும். பலகை அடித்தவருக்குத் தட்டு எங்கே தொய்யுமென்று தெரியும். பிறகு நாலு வருட அனுபவம், சட்டமும் ஒழுக்கநெறியும் பற்றிய பரீட்சை, 2019இல் அனுமதிப் பத்திரம். ஊரில் பட்டம் எடுத்துவிட்டு இங்கே வந்து டாக்ஸி ஓடினவர்களையும் நான் அறிவேன். அனுபவத்தில் ஒரு வருடமாவது கனடாவில் பெற்றதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஒன்ராறியோவில் 2023இல்தான் எடுத்தார்கள். எத்தனையோ பேருக்குப் பிந்திவிட்டது.

ஊரை விட்டு வந்தால்தான் இது நடக்கும் என்று நினைக்க வேண்டாம். வேலை செய்துகொண்டே பொறியியல் படிக்கத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது, யாழ்ப்பாணத்திலும் அதற்கு நிலையம் உண்டு. வகுப்புக்கே போகாத மேசன்கூடத் தன் வேலையைச் செய்துகாட்டித் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். அதிலிருந்து மேலே ஏறப் படிகளும் உண்டு. ஒன்று சொன்னால் கோபிக்க மாட்டீர்களே? எங்கள் ஊரில் மேசன் முற்றத்தில் நின்று கதைப்பார், பொறியியலாளருக்குக் கதிரை போடுவோம். என் மாமாவுக்கு யாரும் கதிரை போட்டதை நான் கண்டதில்லை. அவர் அறிந்ததைப் பத்திரமாக மாற்றத்தான் எனக்கு அவ்வளவு காலமும் கடலும் தேவைப்பட்டன.

இனி அந்தப் படம். முன்வரிசையில் நீங்கள் எல்லாரும் வெள்ளை வேட்டியோடு நிற்கிறீர்கள். உங்கள் தலைக்கு மேலே விறாந்தை பீமின் அடியில், நீளப்பாட்டுக்கு ஒரு மண்ணிறக் கோடு. புதுப் பெயின்றுக்கு மேலாலும் அது தெரிகிறது. கடலிலிருந்து எவ்வளவு தூரம் நிலையம்? கட்டினபோது மணல் எங்கே அள்ளினது, கழுவினதா, எந்தக் கிணற்றுத் தண்ணீர் விட்டுக் குழைத்தது என்று ஆருக்காவது நினைவிருக்குமா? உப்பு வீதியால் வந்தாலென்ன, கடற்காற்றில் வந்தாலென்ன, கம்பிக்கு ஒன்றுதான். அந்தப் பீமையும் தூண்களையும் போட்டவர் ஒரு தட்டுக்குத்தான் கணக்குப் பார்த்திருப்பார், பார்த்திருந்தால். அதற்கு மேலே இன்னொரு மாடி, அலுமாரி நிறையப் புத்தகம், விழா நாளில் இருநூறு பேர்.

படத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்லக்கூடாது. பூச்சில் மட்டும் ஊறின கறையாகவும் இருக்கலாம். அதனால் காசு இப்போதைக்கு அனுப்பவில்லை, குறை நினைக்க வேண்டாம். ஆவணியில் ஊருக்கு வருகிறேன். அதுவரை மேலே ஒரு கல்லும் ஏற்ற வேண்டாம், பெயின்றும் அடிக்க வேண்டாம், அந்தக் கோடு அப்படியே இருக்கட்டும். சின்னப் பிள்ளைகளை அந்த விறாந்தைப் பக்கம் இருத்தாமல் மற்றப் பக்கம் இருத்துங்கோ. சுத்தியல் நான் கொண்டு வருவேன். ஏணி ஒன்று வேணும். கட்டின மேசன் அண்ணை உயிரோடு இருந்தால் அவரையும் கூப்பிட்டு வையுங்கோ. அவருக்கு ஒரு கதிரையும்.

அன்புடன்,
உங்கள் ஊரவன்