முயலுக்கு ஏது பாஸ் செருப்பு?

உங்க வீட்டு முயலோட பின்னங்காலை என்னிக்காவது திருப்பிப் பார்த்திருக்கீங்களா? ஒன்பது மாசமா நானும் பார்க்கலை. கேரட்டைக் காட்டினா ஜில்லு துள்ளி ஓடி வருவான், அதனால பையன் சூப்பரா இருக்கான்னு நெனச்சேன். ஒருநாள் வரலை. கூண்டு மூலையில உட்கார்ந்து காலை மாத்தி மாத்தி வெச்சுக்கிட்டு இருந்தான். தூக்கிப் பார்த்தா, குதிகால்ல முடியே இல்லை. சிவந்துபோய், நடுவுல பொருக்கு தட்டின ஒரு புண்.

மேட்டர் என்னன்னா, நாய்க்கும் பூனைக்கும் பாதத்துல மெத்துமெத்துனு திண்டு இருக்கும். முயலுக்கு அது கிடையாது. பாதத்து முடிதான் செருப்பு. அது தேய்ஞ்சா அடுத்து தோல், அப்புறம் எலும்பு!

ஃபர்ஸ்ட் இயர் ஃபிசிக்ஸ் ஞாபகம் இருக்கா? அதே எடை, பரப்பு குறைஞ்சா அழுத்தம் கூடும். கம்பித் தரையில முழு எடையும் நாலஞ்சு கம்பி மேல இறங்குது. 'புழுக்கை கீழே விழுந்துடும், சுத்தமா இருக்கும்'னு கடைக்கார அண்ணன் சொன்னதை நம்பி நான் வாங்கினது அந்தக் கூண்டைத்தான். இன்னொண்ணு, 'இது வளராது தம்பி'ன்னார். வெள்ளைக் குட்டிகள்ல பலது நியூசிலாந்து ஒயிட், ஒயிட் ஜெயன்ட் மாதிரி கறிக்கு வளர்க்கிற பெரிய ரகம். வளர்ந்தா 4 கிலோவைத் தாண்டும். கூடவே நம்ம பிஸ்கட் உபயம் வேற!

நகத்துக்கும் இதுல பங்கு உண்டு. மண்ணுல நிக்கும்போது நகம் உள்ளே புதைஞ்சு, எடை முன்னாடி விரலுக்குப் போகும். டைல்ஸ்ல நீள நகம் விரலைத் தூக்கிவிட, மொத்த பாரமும் குதிகாலுக்கு வந்துடும். ஈரம் சேர்ந்தா கேட்கவே வேணாம், தோல் ஊறிக் கிழியும்.

இங்கேதான் நான் பண்ண இருந்த பெரிய தப்பு. போன காய்ச்சலுக்கு வாங்கின அமாக்ஸிசிலின் வீட்ல மிச்சம் இருந்தது. பாதி மாத்திரையைப் பொடிச்சுக் குடுக்கலாமானு டாக்டர்கிட்ட போன்ல கேட்டேன். 'குடுத்தா காலுக்கு முன்னாடி முயலே போயிடும்'னார். முயலோட குடல்ல புல்லைச் செரிக்க நல்ல கிருமிகள் இருக்கு. வாய்வழியா அந்த மருந்து போனா அதுங்க செத்து, விஷக் கிருமிகள் பெருகிடும். அதனால கைவைத்தியமே வேண்டாம். சும்மா சிவந்திருந்தா தரையை மாத்தி கவனிக்கலாம். புண், வீக்கம், சீழ்னா நேரா டாக்டர்கிட்ட போங்க. முயலோட சீழ் பேஸ்ட் மாதிரி கெட்டி, தானா வடியாது. வலியில சாப்பாட்டை நிறுத்திட்டா அன்னிக்கே போயாகணும், குடல் நின்னுபோயிடும். சென்னைவாசிகளுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலயும் கல்லூரி உண்டு.

வீட்ல செய்ய வேண்டியது தரை வேலை. கம்பி மேல பலகை, அதுக்கு மேல காய்ஞ்ச வைக்கோல் இல்லேன்னா மடிச்ச பருத்தித் துணி. சாக்கு, தேங்காய் நார் மிதியடி எல்லாம் சொரசொரப்பு, வேண்டாம். நனைஞ்சா உடனே மாத்தணும் (அம்மாவோட பழைய புடவை ஸ்டாக் எனக்குத் தீர்ந்தே போச்சு!). பிஸ்கட் கட், புல்லும் காய்ஞ்ச புல்லும்தான் மெயின் மெனு. நகத்தை அளவா வெட்டுங்க. உள்ளே ரோஸ் கலர்ல தெரியற ரத்தக்குழாய்க்கு முன்னாடியே நிறுத்திடணும். பாத முடியில மட்டும் கத்திரி படக்கூடாது. காலைப் பார்க்க ரெண்டு பேர் தேவை. ஒருத்தர் நெஞ்சையும் பின்பக்கத்தையும் சேர்த்துத் தாங்கணும். திமிறி உதைச்சா அதோட முதுகெலும்பே உடையலாம்.

ஜில்லுவோட புண் ஆற ரெண்டு மாசம் ஆச்சு. அந்த இடத்துல முடி இன்னும் முளைக்கலை, அதனால ஞாயித்துக்கிழமை காலைல செக்கிங் தொடருது. இப்போ அவன் மெத்தை என்னோட ஒர்க்‌ஷாப் காக்கிச் சட்டை. லேப் இருக்கிற அன்னிக்கு மட்டும் எங்க ரெண்டு பேருக்கும் சண்டை.