மர்ம நாவல் வாசித்தால் பிள்ளை கெட்டுப்போகுமா?

மர்ம நாவலும் கையுமாகப் பிள்ளையைக் கண்டால் நாம் உடனே ஏசுகிறோம். ஆனால் நிந்தவூரில் நம்மில் எத்தனை பேர், ராஜேஷ்குமாரை ஒளித்து வைத்து வாசித்தே வாசிப்புப் பழகியவர்கள்!

அந்தக் கதைகளில் கடைசிப் பக்கத்தில் பொலிஸ் வரும், குற்றவாளி பிடிபடுவான், நாமும் நிம்மதியாகத் தூங்குவோம். அமெரிக்காவில் தனியார் துப்பறியும் நிறுவனமொன்றில் வேலை பார்த்த டஷியல் ஹெமட் வேறு மாதிரி எழுதினார். 1929இல் வெளிவந்த அவரது 'ரெட் ஹார்வெஸ்ட்' நாவலில், தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை உடைக்க ஒரு முதலாளி ரவுடிகளைக் கொண்டுவருகிறார். பிறகு அவர்களே ஊரைப் பிடித்துக்கொள்கிறார்கள். பொலிஸ் பிரதானியும் கூட்டு. கடைசியில் ரவுடிகள் செத்தொழிந்தாலும், ஊர் அதே முதலாளியின் கைக்குத்தான் திரும்பிப் போகிறது.

இந்த இருட்டு நம்மை ஏன் இழுக்கிறது? நமக்குப் பழகிய இருட்டு அது. 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

கொன்றவன் யார் என்று கேட்பதோடு நிற்காமல், அவனைக் கொண்டுவந்தது யார், லாபம் யாருக்கு என்றும் கேட்கப் பழக்குகின்றன இக்கதைகள். நம் பிள்ளைகள் அதைக் கேட்டுப் பழகட்டும். வயதுக்குப் பொருத்தமானதா என்று பார்ப்போம். பறிக்காமல், கூட இருந்து வாசிப்போம்.