முடித்த அன்றே தொடங்கும் பாடம்



ஆண்டிறுதித் தேர்வு முடிந்த மறுநாள், பயிற்சிப் புத்தகங்கள் எங்கே என்று உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். கட்டிலுக்கு அடியில் கிடக்கும். இல்லையேல் பழைய சாமான்காரரின் சாக்கில் போயிருக்கும்! யூத மக்களிடம் ஒரு திருநாள் உண்டு. ஒரு நூலைப் படித்து முடித்ததற்காக அன்று ஆடிப் பாடுகிறார்கள்; உடனே அதே நூலை முதலிலிருந்து தொடங்கியும் விடுகிறார்கள்.

குளிர் நாடுகளில் இலையுதிரும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் யூதரின் திஷ்ரி மாதம் வரும். முதல் இரண்டு நாள் புத்தாண்டு. ஆட்டுக்கடாவின் கொம்பை ஊதுவார்கள். பத்தாம் நாள் பாவமன்னிப்பு நாள். ஏறக்குறைய 25 மணி நேரம் தண்ணீரும் அருந்தாத நோன்பு. பதினைந்தாம் நாள் 'சுக்கோத்' தொடங்கும். வீட்டுக்கு வெளியே குடிசை போட்டு, ஏழு நாள் அதில் உண்பார்கள். எகிப்தில் அடிமைப்பட்டிருந்த முன்னோர் விடுதலை பெற்றுப் பாலைவனத்தில் அலைந்ததன் நினைவு அது. கூரையின் தழை இடுக்கில் விண்மீன் தெரிய வேண்டும் என்பது வழக்கம்.

அதன் முடிவில் வருவதுதான் 'சிம்ஹாத் தோரா'. தோராவின் மகிழ்ச்சி என்று பொருள். தோரா என்பது மோசேயின் ஐந்து நூல்கள். தோற்சுருளில் கையால் எழுதப்படும் அதில் 304,805 எழுத்துகள். ஓர் எழுத்துப் பிழையானாலும் திருத்தும்வரை தொழுகைக்கூடத்தில் வாசிக்கக் கூடாது. (நான் திருத்தும் கட்டுரைகளுக்கு இந்த விதி வந்தால் ஒரு பிள்ளையும் தேறாது!) 54 பகுதிகளாகப் பிரித்து ஓராண்டில் வாசித்து முடிப்பார்கள். கடைசிப் பகுதியில் மோசே இறக்கிறார். அதை வாசித்த சூட்டோடு, உலகம் படைக்கப்பட்ட முதற்பகுதி!

அன்று சுருள்களைக் கைக்குழந்தைபோல் அணைத்துக்கொண்டு ஏழு சுற்று ஆடுவார்கள். பிள்ளைகள் கொடி பிடித்து உடன் வருவார்கள், மிட்டாயும் கிடைக்கும். வழக்கமாகப் பதின்மூன்று வயது நிரம்பியவரையே வாசிப்புக்கு அழைப்பார்கள். அன்று மட்டும் சிறுவர் அனைவரையும் ஒன்றாக அழைத்து, தலைக்குமேல் தொழுகைத் துணியைப் பந்தல்போல் விரிப்பார்கள்.

அவர்கள் படிக்கும் முறையும் எனக்குப் பிடிக்கும். இருவர் எதிரெதிரே அமர்ந்து, உரக்க வாசித்து, ஒரு வரிக்காக வாதாடுவார்கள். நம் வீடுகளில் பிள்ளை இரண்டாவது கேள்வி கேட்டாலே 'வாயை மூடு' என்கிறோமே!

எழுத்தறியாதவருக்கு இந்த மகிழ்ச்சியில் பங்குண்டா? சோவியத் ஆட்சியில் எபிரேய மொழிக் கல்வி ஒடுக்கப்பட்டது. மறையின் முதலெழுத்தையும் அறியாமல் ஒரு தலைமுறையே வளர்ந்தது. ஆயினும் 1960களில், சிம்ஹாத் தோரா இரவில், ஆயிரக்கணக்கான இளைஞர்கள் மாஸ்கோவின் பெரிய தொழுகைக்கூடத்துக்கு முன் தெருவில் கூடி ஆடினார்கள். 1965இல் அங்குச் சென்று கண்ட எழுத்தாளர் எலி வீசல், மறு ஆண்டு அதைப் பற்றி நூல் எழுதினார்.

பின்னாளில் இளைஞர்கள் வீடுகளில் கூடி எபிரேயம் கற்கலானார்கள். கற்பித்தவர்களில் ஒருவரான யோசிப் பெகுன், 1983இல் ஏழாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். சோவியத் எதிர்ப்புப் பிரசாரம் என்பது குற்றச்சாட்டு. 1987இல் விடுதலையானார்.