தீர்ப்பின் மொழியை நாமே எழுதுவோம்!

தன் வழக்கு உசாவப்படும் மொழி விளங்காமல் கைகட்டி நிற்பவன், வென்றாலும் தோற்றவனே! மதுரையின் அறங்கூறவையத்தை மதுரைக்காஞ்சி பாடிய காலத்தில் தமிழனுக்கு இந்நிலை இல்லை. இன்றோ, சென்னை உயர் வழக்குமன்றத்தில் தமிழனின் வழக்கைத் தமிழன் கேட்டுத் தமிழன் தீர்த்தாலும், இடையில் ஆங்கிலம் அமர்ந்திருக்கின்றது.

இந்திய அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவு இதற்கு அடிப்படை. அப்பிரிவே ஒரு விலக்கையும் தருகின்றது. அவ்விலக்கினால் இராசத்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகியவற்றின் உயர் வழக்குமன்றங்களில் இந்தி நுழைந்தது. தமிழுக்கும் அவ்வுரிமை வேண்டுமெனத் தமிழகச் சட்டமன்றம் 2006-இல் ஒருமனமாகக் கேட்டது. உச்ச வழக்குமன்றம் 2012-இல் மறுத்தது. இந்திக்குத் திறந்த கதவு தமிழுக்கு ஏன் அடைக்கப்பட்டது? இவ்வினாவை நாம் விடப்போவதில்லை.

ஆயினும், அடைத்த கதவைத் தட்டிக்கொண்டே, திறந்து கிடக்கும் வாயில் ஒன்றைக் காணாது நிற்கின்றோம். அதுதான் இசைவுத் தீர்ப்பு. வழக்குமன்றம் செல்லாமல், இருதரப்பாரும் ஒப்பிய நடுவரிடம் உரிமையியல் பூசலைத் தீர்த்துக்கொள்ளும் முறை இது. இதற்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, நடுவர் முன் நடக்கும் உசாவல் எம்மொழியில் நிகழ்வது என்பதை இருதரப்பாரும் தாமே முடிவு செய்துகொள்ளலாம் என்கின்றது. தமிழ் என்று எழுதினால் தமிழே! எழுதாது விட்டால்தான் நடுவர் முடிவு செய்வார்.

இம்முறையின் உயிர் இசைவே என்பதை உச்ச வழக்குமன்றம் 2010-இல் உறுதி செய்தது. கொச்சித் துறைமுகப் பாலப் பணி தொடர்பாக அஃப்கான்சு நிறுவனத்துக்கும் செரியன் வர்க்கி நிறுவனத்துக்கும் பூசல் எழுந்தது. அவ்விருவரிடையே நடுவர் உடன்படிக்கை இல்லை. ஒருதரப்பு மறுத்தும், கீழ் வழக்குமன்றம் அவ்வழக்கை நடுவரிடம் தள்ளியது. கேரள உயர் வழக்குமன்றமும் அதற்குத் துணைநின்றது. உச்ச வழக்குமன்றமோ, எல்லாத் தரப்பாரும் இசையாமல் வழக்கை நடுவரிடம் அனுப்ப வழக்குமன்றத்துக்கு உரிமை இல்லையெனக் கூறி, அவ்வாணையை நீக்கியது. 2024-இல் ஐவர் ஆயம் மேலும் ஒருபடி சென்று, அரசுசார் நிறுவனங்களின் உடன்படிக்கையில் ஒருதரப்பு மட்டுமே தனி நடுவரை அமர்த்திக்கொள்ளும் ஏற்பாடு சமன்மைக்கு முரணானது என்றது.

ஆனால், நம் மக்களின் இசைவு எவ்வாறு பெறப்படுகின்றது? வண்டிக்குக் கடன் வாங்கச் செல்கின்றான் ஓர் உழைப்பாளி. பொடியெழுத்தில் அச்சிட்ட ஆங்கிலத் தாள்களை நீட்டுகின்றனர். விரல் காட்டிய இடமெல்லாம் கையொப்பமிடுகின்றான். நடுவர், ஊர், மொழி யாவும் அத்தாளிலேயே முடிந்துவிடுகின்றன. படிக்க இயலாத ஒன்றுக்குத் தந்த இசைவும் ஓர் இசைவா?

வலியவனிடம் கடன்பெறும் எளியவனால் அத்தாளை உடனே மாற்ற இயலாது. அதற்குச் சட்டமே துணைநிற்க வேண்டும். அத்தகைய உடன்படிக்கைகள் தமிழிலும் தரப்படவேண்டும் என்று தமிழக அரசு வலியுறுத்தட்டும். ஆனால், தமிழர் தமிழரோடு செய்துகொள்ளும் உடன்படிக்கையில் நம்மைத் தடுப்பார் எவர்? வணிகக் கூட்டாளிகளே, கட்டடப் பணியாளரே, அச்சகத்தாரே! நடுவரை இருவரும் இசைந்தே தேர்வது, உசாவல் நம் ஊரிலேயே நிகழ்வது, உசாவலும் தீர்ப்பும் தமிழிலேயே அமைவது என்னும் மூன்றையும் உங்கள் உடன்படிக்கையில் எழுதுங்கள்.

அத்தீர்ப்பை எதிர்த்து ஒருவர் உயர் வழக்குமன்றம் சென்றால் அங்கே ஆங்கிலம் மீண்டும் குறுக்கிடும், மறுக்கவில்லை. தமிழில் எழுந்த தீர்ப்புகள் ஒவ்வொன்றாய் அங்கே போய்க் குவியட்டும். தமிழில் வழக்கைத் தீர்க்க இயலாதென்பார்க்கு அவையே விடை கூறும்!

உரிமையைக் கேட்பது ஒரு கடமை. கையிலுள்ள உரிமையை ஆள்வது அதனினும் முந்திய கடமை. தமிழில் எழுதுக! தமிழில் தீர்க்க!