உலாப் போதற்கு ஒரு சோலை

உலா என்பது தமிழிற் சிறந்த பிரபந்த வகைகளுள் ஒன்று. தலைவன் பவனி வருவான்; ஏழு பருவ மகளிரும் நின்று நோக்குவர். ஒட்டக்கூத்தர் சோழர் மூவர்மீதும் பாடிய உலாக்களைப் பாடஞ் சொல்லுந்தோறும் எனக்கு ஓர் எண்ணம் எழுவதுண்டு. அங்கே காண்பவர் நிற்கின்றனர், காணப்படுபவன் நடக்கின்றான். இதனைத் தலைகீழாக்கிக் காண்பவனை நடக்கவிட்டு, மலையும் நீரும் மரமும் நின்ற இடத்திலிருந்தே அவனுக்குப் பவனி வருமாறு செய்தவர் ஜப்பானியர். உலாவிக் காண்பதற்கென்றே சோலை வகுக்கும் கலை அவர்களிடம் தனியாக வளர்ந்தது.

கியோத்தோ நகரத்துக் கத்சுரா மாளிகையை அதற்குத் தலைசிறந்த சான்றாகக் கூறுவர். 17ஆம் நூற்றாண்டில் இளவரசர் தொசிகித்தோ தொடங்கியதை அவர் மைந்தர் தொசிதாதா விரிவாக்கினார். நடுவே ஒரு குளம். அதனைச் சுற்றி வளைந்து செல்லும் வழி. இடையிடையே தேநீர்க் குடில்கள். குளம் முழுவதும் ஒருங்கே கண்ணிற் படாதவாறு ஒரு பைன் மரத்தைக் குறுக்கே நட்டு வைத்தனர். மிதிகற்களையோ ஒழுங்கற்ற இடைவெளியிற் பதித்தனர். நடப்பவன் குனிந்து அடிபார்த்தே செல்ல வேண்டும். அவன் நிமிரும் இடத்திற் புதியதொரு காட்சி காத்திருக்கும். நிலவு காண்பதற்கென மூங்கில் பரப்பிய மேடையும் அங்குண்டு. இன்று அனுமதி பெற்றே அங்குச் செல்லல் இயலும். சிறு குழுவாக, வழிகாட்டியுடன், ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடக்கலாம். மாளிகையின் உள்ளே புகுதல் இல்லை.

கத்சுரா நமக்குத் தொலைவு. நான் வாழும் பல்லேகலவுக்கு அண்மையில், குண்டசாலையில், வீரநரேந்திரசிங்க மன்னன் (1707–1739) அரண்மனை அமைத்து வாழ்ந்தான், அவ்வரண்மனை இன்றில்லை. ஆனால் கண்டி நகரில், தலதா மாளிகைக்குப் பின்னே, உடவத்தகெலே இருக்கின்றது. ‘மேல் அரண்மனைத் தோட்டம்’ என்னும் பொருள்படும் சிங்களப் பெயர் அதன் பழம்பெயர். குடிகள் புகலாகாத காடாதலின் ‘தஹன்சி கெலே’ எனவும் வழங்கினர். ‘விலக்கப்பட்ட காடு’ என்று அதனை மொழிபெயர்த்துவிட்டு அமைதல் எளிது. நம் பழம்புலவரோ அரணைச் சூழ்ந்த காவற்காட்டை ‘மிளை’ என்றனர். பாட்டில் அச்சொல் வரும்போது உரைகாரர் தரும் பொருளை மாணவர் மனப்பாடஞ் செய்கின்றனர். மிளையொன்று பாடசாலையிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் நிற்பதை யாரும் அவர்க்குச் சொல்வதில்லை. எனக்கு இது பெருங்குறையாகத் தோன்றுகின்றது.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வயமாயிற்று. நாயக்கர் மரபினனான ஸ்ரீவிக்கிரமராசசிங்கன் வேலூரிற் சிறையிருந்து 1832இல் இறந்தான். அவன் 1807இல் வயலை மறித்து ஆக்கிய குளம் நகரின் அழகாக நிற்கின்றது. காட்டினுள் அரச குடும்பத்தார் நீராடியது எனப்படும் பொய்கை உண்டு. வழிகளோ ஆளுநர் மனைவியரின் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. இலேடி ஹோர்ட்டன் என்பவர் 1831 முதல் 1837 வரை ஆளுநராயிருந்தவரின் மனைவி. இப்பெயர்களை மாற்றுக என்பார் சிலர். எனக்கு அஃது உடன்பாடன்று. அரசன் குளித்த பொய்கைக்கு ஆளுநர் மனைவி பெயர்கொண்ட வழியால் நடந்து போதலே ஒரு வரலாற்றுப் பாடம். பெயரை அழித்தால் பாடமும் அழியும்.

1856இல் ஒதுக்குக்காடாகவும் 1938இற் சரணாலயமாகவும் காக்கப்பெற்ற இவ்விடம் ஏறக்குறைய 104 எக்டேர் பரப்புடையது. பகைவர் இன்று வாளோடு வருவதில்லை. வீட்டு முற்றத்தில் ‘மணிபிளான்ட்’ என்று நாம் அருமையாக வளர்க்கும் கொடி அங்கே நிலத்தை மூடி இளங்கன்றுகளை எழவிடாது செய்கின்றது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொணர்ந்த பேரு பால்சம் மரமும் அடர்ந்து பரவி நாட்டு மரங்களின் இடத்தைப் பறிக்கின்றது. இவற்றுக்குக் காட்டுத் துறையினர் மருந்து காணட்டும். ஆசிரியராகிய நம் கையில் உள்ள கேடு வேறு. அது நாம் நடத்தும் சுற்றுலா.

ஒரு பேருந்தில் அறுபது பிள்ளைகள். ஒலிபெருக்கியிற் சினிமாப் பாட்டு. பேராதனைப் பூங்காவில் அரைமணி, தலதா மாளிகையில் அரைமணி, உணவுப் பொதி, படம், வீடு. மறுநாள் ‘நான் கண்ட பூஞ்சோலை’ என்று கட்டுரை எழுதுவிக்கின்றோம். பிள்ளைகள் குயிலையும் மயிலையும் தென்றலையும் கட்டுரைக் கோவையிலிருந்து எடுத்து எழுதுகின்றனர். கண்டது ஒன்றுமில்லாதபோது வேறு எதனை எழுதுவர்? பரீட்சைக்கு அது போதும் என்று நண்பர் சிலர் கூறுவர். பரீட்சைத்தாளைத் திருத்துபவனும் நானே. ஒரே தென்றல் நாற்பது தாளில் வீசுவதை அறிவேன்.

கத்சுராவில் நடக்கும் முறையை இங்குக் கைக்கொள்ளத் தடையென்ன? ஒரு வகுப்பிற் பதினைவர் போதும். பேருந்து வேண்டா, மாளிகையருகிலிருந்து நடந்தே ஏறலாம். வாயிலிற் கட்டணஞ் செலுத்தியபின் பேச்சை நிறுத்தி ஒரு மணி நேரம் நடக்கட்டும். கா, பொழில், சோலை, தண்டலை, மிளை ஆகிய ஐந்து சொற்களை ஆசிரியர் முன்னரே கொடுத்துவிட்டு, பொய்கைக்கரையில் அமர்ந்து எந்த இடத்துக்கு எந்தச் சொல் பொருந்தும் எனக் கேட்கட்டும். நிகண்டு அவற்றை ஒருபொருட் சொற்களாக அடுக்கும். பிள்ளைகள் அதனை மறுத்து வாதிட்டால் ஆசிரியர் தடுக்க வேண்டா.