‘திறக்கலாமா?’ என்று கேட்கும் பெட்டி



அவுட்லுக்கில் வந்த பில்லைத் திறக்கப் போனால் சின்னப் பெட்டி ஒன்று குறுக்கே வந்து நிற்கும். ஓப்பனா, சேவா, கேன்சலா? கீழே ஒரு டிக்: ‘இந்த வகை ஃபைலைத் திறக்குமுன் எப்போதும் கேட்கவும்’. அதை எடுக்கலாமென்றால் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும்!

ஆத்தூரில் நான் டிரெயினிங் போன ஜவ்வரிசி மில் ஆபீஸில் கணக்கு பார்க்கும் அக்கா, “தம்பி, டிப்ளமா படிக்கிறீங்கல்ல, முதல்ல இந்தச் சனியனை எடுத்து விடுங்க” என்றார். லாரி வாடகை, ஸ்டார்ச் ஆர்டர், ஜி.எஸ்.டி. என்று நாள் முழுக்க பி.டி.எஃப். வரும் இடம். அவர் கேட்டது நியாயம்தான்.

இது பழுதே அல்ல. டிக்கை எடுத்தால் அந்த முடிவு ரிஜிஸ்ட்ரியில், கம்ப்யூட்டருக்கே பொதுவான இடத்தில் எழுதப்படும். அங்கே எழுத சாதா யூஸருக்கு உரிமை இல்லை. அவுட்லுக்கை மூடி, ஐகானில் ரைட் கிளிக் செய்து ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறந்து, மெயிலில் வந்த ஒரு பி.டி.எஃப்.பைக் கிளிக் செய்தால் டிக் உயிரோடு இருக்கும். எடுத்துவிட்டு ஓப்பன். பிறகு அவுட்லுக்கை மூடி, வழக்கம்போல் திறக்க வேண்டும். பழைய டெஸ்க்டாப் அவுட்லுக்குக்கு அவ்வளவுதான் வைத்தியம்.

சரி, இந்தக் காவல் எதற்கு வந்தது? 2000 மே 4. ‘ஐ லவ் யூ’ என்று தலைப்பிட்ட மெயில் மணிலாவிலிருந்து கிளம்பி உலகைச் சுற்றியது. இணைப்பின் பெயர் ‘லவ்-லெட்டர்-ஃபார்-யூ.டெக்ஸ்ட்.விபிஎஸ்’. கடைசி மூன்றெழுத்தை விண்டோஸே மறைத்துவிட்டதால் வெறும் கடிதம் போலத் தெரிந்தது. திறந்தவர்களின் அட்ரஸ் புக்கில் இருந்த எல்லோருக்கும் அதே மெயில் பறந்தது. எழுதியவர் ஓனெல் டி குஸ்மான், நம்மைப் போல ஒரு கம்ப்யூட்டர் கல்லூரி மாணவர்! பாஸ்வேர்டு திருடும் புரோகிராமை புராஜெக்டாகக் கொடுத்து, கல்லூரி நிராகரித்திருந்தது. பிலிப்பைன்ஸில் அப்போது தண்டிக்கச் சட்டமே இல்லாததால் வழக்கு நிற்கவில்லை. தாம்தான் செய்தது என்று அவர் ஒப்புக்கொண்ட செய்தி 2020-இல்தான் வெளிவந்தது. நம் நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் 2000 அக்டோபர் 17-இல்தான் அமலுக்கு வந்தது.

அதன் பிறகு வி.பி.எஸ்., இ.எக்ஸ்.இ. போன்றவற்றை அவுட்லுக் கேட்காமலே தடுத்துவிடுகிறது. அதையும் ‘லெவல்1ரிமூவ்’ என்று ரிஜிஸ்ட்ரியில் எழுதித் திறந்துவிடும் சூரர்கள் நம் வகுப்பிலேயே உண்டு. அதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

“மில் ஆபீஸ்ல எவன் வந்து என்ன திருடப் போறான்?” என்று கேட்கலாம். பேங்க் கணக்கு எண் போதாதா? 2019-இல் கூடங்குளத்திலேயே நிர்வாக நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்ததை அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. முதல் நாள் மறுப்பு, மறுநாள் ஒப்புதல்! அணு உலையை இயக்கும் நெட்வொர்க் தனியாக இருந்ததால் பிழைத்தோம்.

அப்படியானால் பெட்டி இருக்கட்டுமா? பி.டி.எஃப்.புக்கு வேண்டாம் என்பதே என் கட்சி. சேலம் பஸ்ஸில் கண்டக்டர் “உள்ள போ, உள்ள போ” என்று கத்துவது யார் காதில் விழுகிறது? நூறு பில்லுக்கும் ஒரே கேள்வி கேட்டால், நூற்றியோராவதாக வரும் விஷத்துக்கும் விரல் தானாக ஓப்பனை அமுக்கும். பி.டி.எஃப்.பிலும் விஷம் வரலாம். அதற்கு ரீடரை அப்டேட் செய்து வைப்பதுதான் உதவும். ஜிப்புக்கும் ஹெச்.டி.எம்.எல்.லுக்கும் மட்டும் டிக் இருக்கட்டும். பேங்க் பக்கம் போலவே வேஷம் போட்டு வருவது பெரும்பாலும் ஹெச்.டி.எம்.எல்.தான். அக்காவுக்கு அப்படித்தான் வைத்துக் கொடுத்தேன்.

நம் லேபில் நிலைமை தலைகீழ். எல்லோரும் அட்மினிஸ்ட்ரேட்டர், எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு, அதுவும் போர்டில் சாக்பீஸால் எழுதியிருக்கிறது! மாணவருக்கு ஒரு சாதாக் கணக்கு, லேப் அசிஸ்டெண்ட் கையில் மட்டும் அட்மின் கணக்கு. பைசா செலவில்லாத இந்த மாற்றத்தை வரும் ஆண்டுப் பேரவை முதல் கூட்டத்திலேயே கேட்டு வாங்க வேண்டும்.