வெள்ளை நாள்

டைரியில் சிவப்பு மையில் இரண்டே வரி. ‘சீருடை சுத்தமாக இல்லை. அம்மாவை வந்து பார்க்கச் சொல்லவும்.’ என் மகள் இரண்டாம் வகுப்பு. அந்த டைரியில் தினமும் கையெழுத்துப் போடுவது அவள் அப்பா. பள்ளிக் கட்டணம் கட்டுவதும் அவர். சேர்க்கை விண்ணப்பத்தில் முதலில் இருக்கும் பெயரும் தொலைபேசி எண்ணும் அவருடையவைதான். ஆனால் காலரில் மஞ்சள் தெரிந்தால் மட்டும் அம்மா வரவேண்டும்.

போனேன். நான் துணிக்கடையில் கணக்கெழுதுகிறவள். அரைநாள் சம்பளம் போனது. வகுப்பாசிரியைக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். “என்னாம்மா, ஒயிட் யூனிஃபார்ம் இப்படி இருக்கு? வீட்ல கவனிக்க மாட்டீங்களா?” என்று கேட்டார். பக்கத்தில் என் மகள் நின்றாள். குனிந்து தன் காலரையே பார்க்க முயன்றுகொண்டிருந்தாள். ஏழு வயதுக் குழந்தையால் தன் காலரைப் பார்க்க முடியாது. முயன்று பாருங்கள், நம்மாலும் முடியாது. “சரிங்க மிஸ், பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்படிச் சொன்னதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகிற பக்கத்தில் எங்கள் வீடு. புதனும் வெள்ளியும் பள்ளியில் வெள்ளை நாள். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பாவாடை, வெள்ளை சாக்ஸ், வெள்ளை கேன்வாஸ் ஷூ. யூ.கே.ஜி. படிக்கும் என் மகனுக்குப் பாவாடைக்குப் பதில் கால்சட்டை, மற்றதெல்லாம் அதே. ஆளுக்கு ஒரு செட்தான் வாங்க முடிந்தது. அதனால் புதன்கிழமை இரவு துவைத்தால்தான் வெள்ளிக்கு ஆகும். இரவு ஒன்பது மணிக்கு எங்கள் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு பிரஷ் தேய்க்கிற சத்தம் கேட்கும்.

இனி தண்ணீர். எங்கள் போரில் தண்ணீர் வரும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். வாளியில் பிடித்து வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மேலே செம்மஞ்சள் ஆடை கட்டியிருக்கும். இரும்பு. காற்றுப் பட்டதும் துருவாக மாறுகிறது. அந்தத் துரு நூலுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. போதாததற்கு உப்பு. சோப்பு நுரைக்காது. நுரைக்காத சோப்பு துணியில் சாம்பலாகப் படியும். நல்ல தண்ணீர் மாநகராட்சிக் குழாயில் வருகிறபோது பிடித்தால் உண்டு. அதைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு மிச்சத்தில்தான் வெள்ளையை அலச வேண்டும். எத்தனை வாளி எதற்கு என்று கணக்குப் போடுகிறவளும் நான்தான்.

இந்த ஊரின் தண்ணீரைப் பற்றிப் பேசும்போது சிப்காட்டைச் சொல்லாமல் போக முடியாது. முதுநகரிலிருந்து சிதம்பரம் சாலையில் போனால் உப்பனாற்றங்கரையில் வரிசையாக ரசாயன ஆலைகள். குடிகாடு, ஈச்சங்காடு பக்கத்துப் பெண்களிடம் வெள்ளைச் சட்டையைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். அவர்கள் பல வருடங்களாகக் குடிக்கிற தண்ணீருக்காகவும் மூச்சு விடுகிற காற்றுக்காகவும் சண்டை போடுகிறவர்கள். 2004-இல் அந்தப் பகுதி மக்களே பிளாஸ்டிக் வாளியில் பையைப் பொருத்திக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதே ஊரில், அதே வாளியை வைத்துக்கொண்டு, நாங்கள் காலர் தேய்த்துக்கொண்டிருக்கிறோம்.

நான் செய்யாத வைத்தியம் இல்லை. முதலில் பிளீச்சிங் பவுடர் போட்டேன். மஞ்சள் இன்னும் ஏறியது. பிறகுதான் தெரிந்தது, இரும்புத் தண்ணீரில் பிளீச்சிங் போட்டால் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும் என்று. எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டால் துருக்கறை கொஞ்சம் விடும். ஆனால் வாரம் இரண்டு முறை இரண்டு பிள்ளைகளுக்கு எலுமிச்சம்பழம் வாங்கிக் கட்டுமா? சோடா உப்பில் ஊறவைத்தேன். கேன்வாஸ் ஷூவுக்குக் கடைசி நிமிடத்தில் சாக்பீஸ் தேய்த்தேன். பிறகு சொட்டு நீலம். நீலம் அழுக்கை எடுப்பதில்லை. மஞ்சளோடு கொஞ்சம் நீலம் சேர்ந்தால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும், அவ்வளவுதான். விலை கூடிய சோப்புத் தூளில் இருப்பதும் இந்த ஜாதிதான். வெயிலில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி அனுப்புகிற ஒரு சாயம் துணியில் ஒட்டிக்கொள்கிறது. அதாவது நாம் தேய்த்துத் தேய்த்து உண்டாக்கும் வெண்மையில் பாதி பார்க்கிறவர் கண்ணுக்காகச் செய்கிற ஏற்பாடு. என் மகளின் உடம்புக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. சுத்தம் வேறு, வெள்ளை வேறு. சோப்புப் போட்டு அலசிக் காயவைத்த மஞ்சள் சட்டை சுத்தமான சட்டை. பள்ளி கேட்பது அந்தச் சுத்தத்தை அல்ல.

ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு கூத்து. எங்கள் மாவட்டத்துக்கு மழை என்றால் அந்த மாதங்கள்தான். துணி காயாது. புதன் இரவு துவைத்ததை வியாழன் முழுக்க மின்விசிறிக்குக் கீழே நாற்காலி முதுகில் போட்டுவைத்து, வெள்ளி காலை ஐந்தரை மணிக்கு இஸ்திரிப் பெட்டியால் சுட்டுச் சுட்டு ஈரத்தை ஓட்ட வேண்டும். அப்படியும் இடுப்புப் பட்டை ஈரமாகவே இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு பிள்ளை போவாள். தெருவில் முழங்கால் சேறு.

2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. கூலியில்லாத வீட்டுவேலை செய்கிற பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். ஆண் 97 நிமிடம். இது வீட்டுவேலை செய்கிற ஆண்களின் கணக்கு மட்டும் என்பதைக் கவனியுங்கள். நூற்றுக்கு 26 ஆண்கள்தான் வீட்டுவேலை என்று எதையாவது செய்கிறார்கள். பெண்களில் 81 பேர். இந்த 299 நிமிடத்தில் ஒரு பங்கைப் பள்ளிக்கூடம் எடுத்துக்கொள்கிறது என்பதுதான் நான் சொல்ல வருவது. ‘ஒழுக்கம்’ என்று பெயர் வைத்து, எங்களிடம் கேட்காமல், கூலி கொடுக்காமல் எடுத்துக்கொள்கிறது. 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாதம் 1000 ரூபாய் தரத் தொடங்கியபோது அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்கவில்லை, உரிமைத் தொகை என்றது. வீட்டில் பெண் செய்வது வேலைதான் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட பிறகும் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அது தாயின் கடமையாகவே தெரிகிறது.

சீருடை எதற்காக வந்தது? காமராசர் முதலமைச்சராக, நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்த காலத்தில், மதிய உணவோடு ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடையும் சேர்ந்தது. பண்ணையார் வீட்டுப் பிள்ளையும் பண்ணையாள் வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரும்போது துணியைப் பார்த்து யார் எவர் என்று சொல்ல முடியாமல் இருக்க வேண்டும் என்பது அதன் நியாயம். நல்ல நியாயம், அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அதே சீருடையை வெள்ளையாக்கிப் பாருங்கள். எந்த வீட்டில் தண்ணீர் வடிகட்டும் கருவி இருக்கிறது, எந்த வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கிறது, எந்த வீட்டு அம்மா காலையில் ஐஸ் கட்டி உடைத்து மீன் கூடை தூக்கப் போகிறாள் என்பதெல்லாம் காலை பிரார்த்தனைக் கூட்டத்தில் வரிசையாகத் தெரிந்துவிடும். சிங்காரத்தோப்பிலிருந்து வருகிற பிள்ளையின் சட்டையையும் மஞ்சக்குப்பத்திலிருந்து வருகிற பிள்ளையின் சட்டையையும் பக்கத்தில் வைத்தால் போதும். மறைக்க வந்த துணியே காட்டிக்கொடுக்கிறது.

சிதம்பரத்தில் நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டில் வெள்ளை துவைக்கும் கவலை இருந்ததில்லை. நானும் வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடையில்தான் பள்ளிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு அம்மா வந்து மூட்டை கட்டிக்கொண்டு போவார். உவர்மண் போட்டு, வெள்ளாவி வைத்து, கான்சாகிப் வாய்க்கால் பக்கம் காயவைத்து, கஞ்சி போட்டுக் கொண்டுவருவார். பொழுது சாய்ந்தால் வாசலில் நின்று சோறு வாங்கிப் போவார். அவருக்கு என் பாட்டி வயது. நான் அவரைப் பெயர் சொல்லி, ‘வா, போ’ என்றுதான் கூப்பிட்டேன். யாரும் என்னைக் கண்டிக்கவில்லை. எங்கள் மாவட்டத்துக்காரரான இமையம் 1994-இல் ‘கோவேறு கழுதைகள்’ நாவலில் ஆரோக்கியம் என்கிற வண்ணாத்தியை எழுதினார். கல்யாணத்துக்குப் பிறகுதான் அதைப் படித்தேன். படித்த இரவு எனக்கு அந்த அம்மாவின் கைகள்தான் நினைவுக்கு வந்தன, முகம் வரவில்லை. முகத்தை நான் பார்த்ததே இல்லை போல.

அந்த அம்மாவின் பேத்திகள் இப்போது அந்த வேலைக்கு வருவதில்லை. வரவும் கூடாது. ஆனால் அவர் தலையிலிருந்து இறங்கிய மூட்டையை யார் வாங்கிக்கொண்டார்கள்? என் அண்ணன்கள் இல்லை, அப்பா இல்லை. என் அம்மா வாங்கினாள், அவளிடமிருந்து நான். சாதியின் பெயரால் ஒரு பெண்ணிடம் வாங்கிய வேலையைத் தாய்மையின் பெயரால் இன்னொரு பெண்ணிடம் வாங்கிக்கொள்கிறது இந்தச் சமூகம். எங்கள் வெள்ளைக்குப் பின்னால் அந்தக் கடன் இருக்கிறது என்பதை மறந்துவிட்டு ‘அந்தக் காலத்துல எல்லாம் எவ்ளோ பளிச்சுனு போவோம்’ என்று பெருமை பேசுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

தொலைக்காட்சிக்காரர்கள் இதைவிடக் கெட்டிக்காரர்கள். ‘கறை நல்லது’ என்று ஒரு விளம்பரம். பிள்ளை சேற்றில் விழுந்து புரள்வான், அம்மா புன்னகைப்பாள். எனக்கும் பிள்ளை புரள்வது பிடிக்கும். ஆனால் அந்த அம்மா அலுவலகத்திலிருந்து வந்து குழாயில் தண்ணீர் வராத நாளில் அதைத் துவைப்பதை ஒரு நொடிகூடக் காட்ட மாட்டார்கள். 2015-இல் இன்னொரு நிறுவனம், துணி துவைப்பது பெண்ணின் வேலை மட்டும்தானா என்று கேட்டு விளம்பரம் எடுத்தது. கேள்வி நல்ல கேள்வி. பாக்கெட்டை வாங்குவதும் கிழிப்பதும் இன்னும் நாங்கள்தான்.

இதெல்லாம் ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் ஒன்றல்ல. என் மகன் கால்சட்டையில் மண்ணோடு வந்தால் “பையன் நல்லா விளையாடுறான்” என்பார் அதே மிஸ். மகள் வந்தால் “பொம்பளப் புள்ள இப்படியா?” வெள்ளை நாளில் அவள் மண்ணில் உட்காருவதில்லை. பாண்டி ஆடுவதில்லை. கைக்குட்டையை விரித்து அதன்மேல் உட்கார்ந்து மற்றவர்கள் ஓடுவதைப் பார்க்கிறாள். இதை அவளே என்னிடம் பெருமையாகச் சொன்னாள்: “நான் அழுக்காக்கவே இல்லம்மா.” ஏழு வயதில் ஒரு குழந்தை தன் உடம்பைத் துணிக்காகக் காவல் காக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. இன்னும் நாலைந்து வருடத்தில் அந்த வெள்ளைப் பாவாடையில் வேறு கறை வரும். அப்போது அவள் என்ன செய்வாள்?

2017 ஆகஸ்டில் திருநெல்வேலிப் பக்கம் ஏழாம் வகுப்புப் படித்த 12 வயதுச் சிறுமி உயிரை விட்டாள். வகுப்பில் சீருடையிலும் பெஞ்சிலும் மாதவிடாய்க் கறை பட்டதற்காக ஆசிரியை அவமானப்படுத்தினார் என்று பெற்றோர் புகார் சொன்னார்கள். செய்தியைப் படித்தபோது எனக்கு இன்னும் பிள்ளை பிறக்கவில்லை. இப்போது ஒவ்வொரு புதன்கிழமையும் அந்தப் பெண்ணை நினைக்கிறேன். கறையைப் பார்த்ததும் பிள்ளையைத் திட்டலாம், வெளியே நிறுத்தலாம், அம்மாவைக் கூப்பிடலாம் என்கிற பழக்கம் ஏழாம் வகுப்பில் தொடங்குவதில்லை. யூ.கே.ஜி. காலரில் தொடங்குகிறது.

வெள்ளையே வெள்ளை என்று அடம்பிடித்த விம்பிள்டன்கூட 2023 முதல் பெண் ஆட்டக்காரர்கள் பாவாடைக்குள் அடர்நிறக் கால்சட்டை போட்டுக்கொள்ள விட்டுவிட்டது. அதே வருடம் இங்கிலாந்துப் பெண்கள் கால்பந்து அணி வெள்ளை அரைக்கால்சட்டையை விட்டு நீலத்துக்கு மாறியது; மாதவிடாய் நாளில் வெள்ளை போட்டு ஓட முடியவில்லை என்று ஆட்டக்காரர்கள் வாய்திறந்து சொன்னார்கள். உலகக் கோப்பை ஆடுகிறவர்களுக்கே சங்கடம் என்றால் எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு இருக்காதா?

வெயிலுக்கு வெள்ளைதானே நல்லது என்பார்கள். வெளிர்நிறம் எதுவும் நல்லதுதான். கட்டம் போட்ட துணி, இளஞ்சாம்பல், இளம்பழுப்பு எல்லாம் எங்கள் கடையிலேயே அடுக்கி வைத்திருக்கிறோம், விலையும் ஒன்றுதான். கழுத்துக்கும் பட்டைக்கும் அடர்நிறத் துணி வைத்துத் தைத்தால் வேலை பாதி குறையும். அரசுப் பள்ளிக்கு அனுப்பியிருக்கலாமே, அங்கே நாலு செட் இலவசமாகக் கிடைக்குமே என்றும் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். வெள்ளை ஷூ போட்டு வேனில் ஏறுகிற பிள்ளையைப் பார்க்க நானும் ஆசைப்பட்டேன். அந்த வெள்ளைக்குக் காசு கொடுத்தவள் நான். அதனாலேயே கேட்கிற உரிமையும் எனக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சிவப்பு மை வந்த வாரம் என் கணவரிடம் வாளியைக் கொடுத்தேன். “எனக்கு அவ்ளோ சரியா வராதே” என்றார். எனக்கும் வரவில்லை, அதனால்தான் டைரியில் எழுதியிருக்கிறார்கள் என்றேன். துவைத்தார். அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. காலர் மஞ்சளாகவே இருந்தது. மறுபடி சிவப்பு மை, மறுபடி ‘அம்மா’. அதன் கீழே ‘துவைத்தது அப்பா. அவரே வருவார்’ என்று எழுதி அனுப்பினேன். அவர் போனார். “பரவால்ல சார், நீங்க ஏன் சிரமப்படுறீங்க, மேடம்கிட்ட சொல்லுங்க” என்று தண்ணீர் கொடுத்து அனுப்பினார்களாம்.

நாங்கள் பதினோரு அம்மாக்கள் ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். ஆரம்ப வகுப்புகளுக்கு வெள்ளை வேண்டாம். எந்த வகுப்பிலும் பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைப் பாவாடை வேண்டாம். துணியில் எந்தக் கறை இருந்தாலும் பிள்ளையை நிற்கவைக்கக் கூடாது. அலுவலக அறையில் மாற்றுப் பாவாடையும் நாப்கினும் இருக்க வேண்டும். டைரியில் ‘பெற்றோர்’ என்று எழுத வேண்டும். கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள், பதில் இல்லை. அடுத்த வருடச் சீருடைத் துணிக்கு எங்கள் கடையில் மார்ச் மாதம் ஆர்டர் எடுப்போம். அதற்குள் இன்னும் கையெழுத்து சேர்க்க வேண்டும். அப்பாக்களிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம், இதுவரை மூன்று பேர் போட்டிருக்கிறார்கள்.